பாதாள ராஜாவின் தொண்டை

மே 6

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலமா என்று கேட்பது மரியாதை என்பதால் கேட்கிறேன். பதில் எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நான் சின்னவள் வீட்டில் இருக்கிறேன். அப்பா கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று பெரியவள் இங்கே போன் செய்து தங்கையிடம் சொன்னாளாம். அதைத் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். நான் செய்தது வெளிநடப்பு.

மின் அலுவலகப் புகார்ப் பிரிவில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். மீட்டர் தானாக ஓடுகிறது, பக்கத்து வீட்டுக்காரன் கம்பி இழுத்துவிட்டான், கம்பத்தில் ஏறிய ஊழியர் எங்கள் படுக்கையறையை எட்டிப் பார்த்தார் என்று எத்தனையோ புகார்கள் வாங்கியிருக்கிறேன். வாய் கொப்பளிக்கிற சத்தத்தை வீட்டு மாப்பிள்ளையே திருடிவிட்டார் என்று ஒருவரும் எழுதிக் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று எனக்கே தெரிந்திருக்காது.

நடந்ததை எழுதிவிடுகிறேன், பிற்பாடு மறுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் கணினித் திரையில் ஏழெட்டுப் பேர் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் ஸ்பீக்கரை முழுதாகத் திருகிவிட்டு, "இப்ப கேளுங்க, ராஜா எந்திரிக்கிறாரு" என்றீர்கள். நான் டீ வாங்கிக்கொள்ள வந்து நிலைப்படியில் நின்றேன். சுவர் அதிர்ந்தது. பூமிக்கு அடியில் ஒரு மலை புரண்டு படுக்கிற மாதிரி சத்தம். திரையில் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கே மெய்சிலிர்த்தது, ஒப்புக்கொள்கிறேன். அப்போதுதான் என் பேத்தி சோபாவிலிருந்து குதித்து, "ஐ! தாத்தா வாய் கொப்பளிக்கிறாங்க!" என்றாள்.

ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். உங்கள் மனைவி அடுக்களையிலிருந்து வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னாள், அதற்கும் ஒரு சிரிப்பு.

அந்தச் சத்தத்தை அழித்துவிட்டு எழுத்துமூலம் தெரிவிக்கவும். போன் வேண்டாம். போனில் நீங்கள் எல்லோரும் தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு பேசுகிறீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் தகப்பனார்

*

மே 11

அன்புள்ள மாமா,

நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், மாமா என்று எழுதலாமா என்றே தெரியவில்லை. இருந்தாலும் வேறு எப்படி எழுதுவது?

மன்னித்துவிடுங்கள். சிரித்தது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, கேட்காமல் எடுத்தது.

நாங்கள் என்ன செய்கிறோம் என்று உங்களிடம் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. ரொம்ப வருஷத்துக்கு முன் வந்த ஒரு கணினி விளையாட்டு. அதை விற்ற கம்பெனி எப்போதோ கைகழுவிவிட்டது. அதன்மேல் பைத்தியமாக இருக்கிற நாங்கள் சிலர் சேர்ந்து, அதே விளையாட்டுக்குள் புதுக் கதை, புது ஊர், புது ஆட்களை வைக்கிறோம். இதற்கு மோட் என்று பெயர். யாருக்கும் சம்பளம் கிடையாது. எங்கள் தலைவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பூதங்களை வரைகிறவர் பகலில் பொய்ப்பல் செய்கிறார், அவரை எலும்பு என்று கூப்பிடுவோம். இசை என் பொறுப்பு.

கதை இதுதான்: மண்ணுக்குள் புதைந்துபோன ஒரு நகரம். அதன் ராஜா இன்னும் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். விளையாடுகிறவன் அவர் பக்கத்தில் போகப் போகக் குலை நடுங்க வேண்டும். ஆர்க்கெஸ்ட்ரா முழுக்கக் கணினிக்குள்தான். யாரோ ஒவ்வொரு ஸ்வரமாக வாசித்துப் பதிந்து வைத்ததை நான் அடுக்கிக் கோர்க்கிறேன். ராஜாவுக்கு டபுள் பேஸ் என்கிற ஆள் உயர வயலின்களை வரிசையாக நிறுத்தினேன். டிராம்போன் என்கிற பித்தளைக் குழல்களை அடித்தொண்டையில் உறுமவிட்டேன். ஆண்கள் கோரஸ் ஒன்றை 'ஊ' போடவைத்தேன். எலும்பு கேட்டுவிட்டு, "ராஜா வர்ற மாதிரி இல்லையே, லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் குளியலறைக் கதவு கிறீச்சிடுவதைப் பதிவதற்காக மைக்கை வைத்தேன். வைத்துவிட்டு மறந்துபோய் வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் போட்டுக் கேட்டால் கதவைக் காணோம், நீங்கள் இருக்கிறீர்கள். எட்டு மடங்கு மெதுவாக்கினேன். நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன் மாமா. கேட்டால் மறுத்துவிடுவீர்கள் என்று பயம். அதனால் கேட்கவில்லை.

அந்தப் பதிவை அழித்துவிட்டேன், அன்றே எலும்பு வெளியிட்ட முன்னோட்டம் மட்டும்தான் வெளியே இருக்கிறது. இப்போது நானே வாய் கொப்பளித்துப் பதிந்து வைத்திருக்கிறேன். புறா மாதிரி வருகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். அன்று அடுக்களையிலிருந்து உங்கள் பெண் சொன்னது, "அப்பாவுக்கு டீ ஆறிடும், யாராவது கொண்டு போய்க் குடுங்க" என்பதுதான். அவள் இப்போது என்னோடும் பேசுவதில்லை. "ரெண்டு பேரும் எழுதியே தீத்துக்கங்க, நடுவுல நான் தபால்காரி இல்ல" என்கிறாள்.

உங்கள்
மாப்பிள்ளை

*

மே 19

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. மன்னிப்பு பரிசீலனையில் இருக்கிறது.

இதற்கிடையே சின்ன மாப்பிள்ளை உங்கள் மோட்டின் முன்னோட்டத்தைத் தம் போனில் காட்டினார். பழையது, புதியது இரண்டும். பழையதற்குக் கீழே ஊர் உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் ஹெட்போனில் கேட்டுவிட்டு வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுவிட்டாராம். "அந்த மூச்சு மனுஷனோடதே இல்ல" என்று ஒரு பெண். புதியதற்குக் கீழே ஒரே கேள்விதான்: ராஜா எங்கே, யார் இந்தப் புறா?

நானும் அதையே கேட்கிறேன். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தரம் குறைந்தால் புகார் செய்வது பொதுமக்களின் உரிமை.

ஹெட்போனை வாங்கி முழு இசையையும் மூன்று முறை கேட்டேன். அந்தப் பெரிய வயிற்று வாத்தியம் நன்றாக இருக்கிறது, நெஞ்சுக்கூட்டில் வந்து உட்காருகிறது. முரசும் சரி. ஆனால் முரசு நின்ற பிறகு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஒன்றுமே இல்லையே? கண் அசந்துவிட்டீர்களா? விளையாடுகிறவன் கரண்ட் போய்விட்டது என்று நினைப்பான். எங்கள் அலுவலகத்துக்குப் போன் வரும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வாய் கொப்பளித்த விஷயம் மட்டும் என்றால் பையைத் தூக்கியிருக்க மாட்டேன். உங்கள் வீட்டில் கொஞ்ச காலமாக யாரும் எனக்கு நேரே பேசுவதில்லை. பெரியவள் வாய்க்குள் பேசுகிறாள். பேத்தி குசுகுசுக்கிறாள். நான் உள்ளே வந்தால் பேச்சு தேய்ந்துபோகிறது. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று ஒரு மனிதனுக்குத் தெரியாதா? உங்கள் அத்தை ஒருத்திதான் வாயைத் திறந்து பேசினாள், தெருமுனை வரைக்கும் கேட்கும். அவள் போய்விட்டாள். சரி என்று இங்கே வந்தால், சின்னவளும் இப்போது அதே மாதிரி. அக்கா சொல்லிக் கொடுத்திருப்பாள்.

இந்தப் பத்தியை அடித்துவிடலாம் என்று நினைத்தேன். வேறு தாள் எடுக்கச் சோம்பலாக இருந்தது.

மாமா

*

மே 25

அன்புள்ள மாமா,

இதை எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டே இருக்கிறேன். உங்கள் பெண் குப்பைக்கூடையை இரண்டு தடவை காலி செய்துவிட்டாள்.

முரசு நின்ற பிறகு வருவதுதான் நான் அதிகம் பாடுபட்ட இடம். வயலின்கள் மொத்தமும் தந்தியின் உச்சியில் நூல் போல இழைகின்றன. நடுவில் ஒரு சின்ன மணி, விட்டு விட்டு. வாத்தியார் கேட்டுவிட்டு, "பல்லு கூசுது, குறைச்சிடுங்க" என்றார். நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டு, அங்கே ஒன்றுமே இல்லை என்கிறீர்கள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். கிளினிக்கில் காது கேட்கும் கருவி பொருத்துகிறேன். தினமும் யாராவது வந்து என் எதிரில் உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் இல்ல சார், வீட்லதான் எல்லாரும் வாய்க்குள்ள பேசறாங்க" என்பார்கள். போனில் தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்பார்கள். வயதானால் சிலருக்கு இப்படித்தான் ஆகும். தடித்த சத்தம் அப்படியே கேட்கும், மெல்லிய உச்சிச் சத்தம் மட்டும் உதிர்ந்துவிடும். பேச்சில் ச, ஸ, த மாதிரி எழுத்துகள் உதிர்ந்தால் மிச்சம் இருப்பது முணுமுணுப்புதான். பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் முதலில் மங்கும்.

இதையெல்லாம் அவர்களுக்குப் பொறுமையாக விளக்குவேன். விளக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, உங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "மாமா ஏன் இப்பல்லாம் சிடுசிடுன்னு இருக்காரு?" என்று உங்கள் பெண்ணிடம் கேட்பேன்.

அவர்கள் உங்களைப் பற்றிப் பேசவில்லை மாமா. அதாவது, ஒருநாளும் பேசியதே இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

ஒரே ஒரு தடவை சோதித்துப் பார்க்கலாமா?

உங்கள்
மாப்பிள்ளை

*

மே 30

ஐயா,

உங்கள் 25-ஆம் தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றது.

வியாபாரம் மந்தமாக இருந்தால் வெளியில் ஆள் பிடிக்கவும். முதலில் என் தொண்டை, இப்போது என் காது. அடுத்தது எந்த உறுப்பு என்று முன்கூட்டியே தெரிவித்தால் வசதியாக இருக்கும்.

புகார்தாரர்

*

ஜூன் 9

மாப்பிள்ளைக்கு,

முந்தைய கடிதத்தை அடுப்பில் போடவும்.

அது போன மறுநாள், சின்னவளிடம் ஹெட்போனைக் கொடுத்து முரசு நின்ற பிறகு வருவதைக் கேட்கச் சொன்னேன். புளியங்காயைக் கடித்த மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைக் கழற்றிவிட்டாள். "என்ன இது, நரம்பைப் பிடிச்சு இழுக்குது!" ஒருத்தி சொன்னால் போதுமா என்று சின்ன மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவரும் சுளித்தார். இது கூட்டுச் சதியாகக்கூட இருக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

என் கைக்கடிகாரத்தில் காலை அலாரம் கொஞ்ச நாளாக அடிப்பதில்லை. நேற்று கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் எதையோ அமுக்கி, "நல்லாத்தானே அடிக்குது சார்" என்று என் முகத்துக்கு நேரே பிடித்தார். அடிக்கிறது என்பதற்கு அடையாளமாகத் தலையை வேறு ஆட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் தலை ஆடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு "ஆமாம், நல்லா அடிக்குது" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

நீங்களே வாருங்கள். தெரியாத ஆளிடம் காதைக் காட்ட முடியாது. பெண்கள் இருவரிடமும் முடிவு தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். சும்மா பார்க்க வந்ததாக இருக்கட்டும்.

புறாவைப் பணிநீக்கம் செய்யவும். என் சத்தத்தைப் புதிதாகப் பதிந்து அனுப்பலாம் என்று சின்ன மாப்பிள்ளையைப் போனை நீட்டச் சொன்னேன். சின்னவள் வந்து நின்றாள், பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டினார். தொண்டை அடைத்துக்கொண்டுவிட்டது. பச்சைத் தண்ணீர் மேல்சட்டையில் வழிந்ததுதான் மிச்சம். மேடை ஏறுகிறவர்கள் கஷ்டம் இப்போது புரிகிறது.

பழையதை அழித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். உங்களை எனக்குத் தெரியும். எங்கேயாவது ஒரு பிரதி இருக்கும். உபயோகித்துக்கொள்ளலாம்.

மாமா

*

ஜூன் 24

அன்புள்ள மாமா,

பிரதி இருந்தது. புறாவை விரட்டியாயிற்று. ராஜா மறுபடியும் எழுந்துவிட்டார்.

நான் சோதனைக்கு வந்த அன்று, போர்வை அடுக்குகிற அந்த அறைதான் வீட்டிலேயே அமைதியான இடம் என்று சின்னவர் சொன்னது சரிதான். நான்தான் அலமாரியில் கண்ணாடி இருப்பதைக் கவனிக்கவில்லை. சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்குங்கள் என்றேன். நீங்கள் கண்ணாடியில் என் விரலைப் பார்த்துப் பார்த்து அமுக்கியிருக்கிறீர்கள். உச்சிச் சத்தங்களில் வௌவாலுக்குச் சமமாக மதிப்பெண் வந்தபோதே எனக்குச் சந்தேகம். சுவரைப் பார்த்துத் திருப்பி உட்காரவைத்தேன், மடமடவென்று சரிந்தது. இந்தச் சோதனையில் காப்பியடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாட்டிக்கொண்ட பிறகு கேள்வித்தாளே தப்பு என்று வாதாடியவர் நீங்கள் ஒருவர்தான்.

கருவிக்குச் சொல்லிவிட்டேன். உங்கள் காதுக்குத் தகுந்தபடி நானே சரிசெய்து அனுப்புகிறேன்.

இனி எழுதப்போவதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. பஸ்ஸில் திரும்பும்போது உங்கள் காதின் வரைபடம் மடியில் இருந்தது. தடித்த சத்தங்களுக்கான இடது ஓரத்தில் சமதரையாகப் போகிற கோடு, உச்சிச் சத்தங்களுக்கான வலது ஓரம் வந்ததும் மலைச்சரிவு மாதிரி இறங்குகிறது. பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் ராஜாவின் இசையைத் திறந்து, விளையாடுகிறவன் அவர் அருகில் போகப் போக, அந்தக் கோட்டில் உள்ளபடியே மேலிருந்து ஒவ்வொன்றாக அணைத்தேன். முதலில் மணி போகிறது. பிறகு வயலின்கள். பிறகு நடக்கிறவனின் சொந்தக் காலடிச் சத்தம் மழுங்குகிறது. கூட வருகிற தோழி ஏதோ எச்சரிக்கிறாள், முணுமுணுப்பாகத்தான் கேட்கிறது. கடைசியில் டபுள் பேஸும் ராஜாவின் மூச்சும் மட்டும். ராஜாவுக்கு உலகம் எப்படிக் கேட்கிறதோ, அப்படியே இவனுக்கும் கேட்கிறது.

எலும்புக்கு அனுப்பினேன். பல் கிட்டிப்போய் போன் செய்தார். "எல்லாரும் சத்தத்தக் கூட்டித்தான்யா பயமுறுத்துவாங்க. நீ என்ன எடுத்துக்கிட்டே போற?" என்றார்.

மாமா, இது உங்கள் காது. போன முறை கேட்காமல் எடுத்தேன், இந்த முறை கேட்கிறேன். வேண்டாம் என்றால் அழித்துவிடுவேன். பிரதி இருக்காது.

உங்கள் பெண்ணிடம் முடிவைச் சொன்னேன். கரண்டியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு, "எத்தனை தடவ சொல்றதுப்பான்னு எரிஞ்சு விழுந்தேனே" என்றாள்.

உங்கள்
மாப்பிள்ளை

*

ஜூன் 30

மாப்பிள்ளைக்கு,

அனுமதி வழங்கப்படுகிறது.

ஒரே ஒரு திருத்தம். தோழி எச்சரிக்கிற இடத்தில், அவள் குரல் சன்னமாகி மறைந்தால் மட்டும் போதாது. அவள் உதடு அசைவது தெரிய வேண்டும். விளையாடுகிறவனுக்கு அவள்மேல் கோபம் வர வேண்டும். இவள் வேண்டுமென்றே மெல்லப் பேசுகிறாள், என்னை ஏதோ செய்யப் பார்க்கிறாள் என்று அவன் நினைக்க வேண்டும். பயம் எல்லாம் அதற்கப்புறம்தான் வருகிறது. முதலில் வருவது கோபம். எனக்குத் தெரியும்.

என் பெயரைப் போட வேண்டாம், பழைய அலுவலகத்தில் கேலி செய்வார்கள். 'தொண்டை, காது: இசையமைப்பாளரின் மாமனார்' என்று போட்டால் போதும்.

பெரியவளிடம் சொல்லுங்கள், நானும்தான் எரிந்து விழுந்தேன்.

மாமா

*

ஜூலை 22

அன்புள்ள மாப்பிள்ளை,

வெளியீட்டு வேலையில் உங்களால் நகர முடியவில்லை என்று கருவியைப் பெரியவளே கொண்டுவந்தாள். நீங்கள் எழுதிக் கொடுத்தபடி இரண்டு காதிலும் பொருத்திவிட்டாள்.  ஊசி குத்துகிற மாதிரி நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

செய்தித்தாள் இவ்வளவு சத்தம் போடுமா? அலுவலகத்துக்கு ரயிலில் போன காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எப்படிப் பொறுத்தார்கள்? பிளாஸ்டிக் பை என்பது ஒரு பொதுத் தொல்லை. சின்ன மாப்பிள்ளை சாப்பிடும்போது மெல்லுகிற சத்தம் தனியாகக் கேட்கிறது, அதை மட்டும் குறைக்க முடியுமா? அவசரம் இல்லை, ஆனால் முடிந்தால் நல்லது.

வெளியான அன்று அவர்தான் விளையாடினார், நாங்கள் எல்லோரும் பின்னால் உட்கார்ந்தோம். முரசு நின்றதும் வயலின் வந்தது. வாத்தியார் சொன்னது சரி, பல் கூசுகிறது. குறைக்க வேண்டாம். பிறகு தோழி எச்சரிக்கிற இடம். அவள் உதடு அசைகிறது, ஒன்றும் புரியவில்லை. சின்ன மாப்பிள்ளை திரையைப் பார்த்து, "சத்தமாச் சொல்லித் தொலையேன்!" என்று கத்தினார். சின்னவள் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள்.  அதற்குள் ராஜா அவரைப் பிடித்துவிட்டார்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மத்தியானம் சாப்பிட்ட பிறகு, அக்காவும் தங்கையும் அடுக்களைக் கதவை ஒருக்களித்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். நான் கூடத்தில் படுத்திருந்தேன். தூங்கிவிட்டதாக நினைத்திருப்பார்கள். கருவி காதில் இருந்தது. இத்தனை நாள் என்னைப் பற்றி என்னதான் பேசுகிறார்கள் என்று இன்றைக்குத் தெரிந்துகொள்வோம் என்று மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

தலையணை உறை சாயம் போவதைப் பற்றிப் பேசினார்கள். பேத்தியின் பள்ளிக்கூட வேன் தாமதமாக வருவதைப் பற்றிப் பேசினார்கள். உங்களைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள், அதை நான் எழுதப்போவதில்லை. மத்தியானம் முழுக்கக் கேட்டேன் மாப்பிள்ளை. என்னைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தபோது சின்னவள் தன் வாஷிங் மெஷின் கதையை ஆரம்பித்தாள். கடகடவென்று சத்தம் போட்டதாம். மெக்கானிக் வந்து, "ரொம்பப் பெரிய பிரச்சினைம்மா" என்று மொத்த மெஷினையும் கழற்றிக் கூடம் முழுக்கப் பரப்பினாராம். கடைசியில் உள்ளே கையை விட்டு ஒரே ஒரு காலுறையை எடுத்து, பிரசவ வார்டு நர்ஸ் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து அவளிடம் கொடுத்தாராம். "வாங்கிக்கிட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? அப்பா ஜாடைன்னேன்!"

எனக்கு அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், கட்டில் ஆடியது.

அடுக்களையில் பேச்சு நின்றது. கதவு திறந்தது. இரண்டு பேரும் ஒருத்தி தோளுக்கு மேலே ஒருத்தி எட்டிப் பார்த்தார்கள்.

"அப்பா, கேட்டுச்சா?" என்றாள் பெரியவள். மெல்லத்தான் கேட்டாள்.

"காலுறை என்ன கலர்?" என்றேன்.

சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை பெரியவளோடு நானும் வருகிறேன்.

அன்புடன்,
மாமா